சிமெண்ட் மூட்டையைத் தாங்கிய கயிறு என்னைத் தாங்குமா?

வாசகர் கேள்வி:

ஐயா, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எங்களுக்கு 22 புளிய மரங்கள் இருக்கின்றன. தாத்தா வைத்தவை. ஓசூரில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக ஊரோடு இருக்கிறேன். மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை. வழக்கமாக வரும் பெரியவர் போன பங்குனியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். இந்த முறை நானே ஏறுவதாக இருக்கிறேன். வீடியோக்களைப் பார்த்துக் கருவிகளையும் நானே செய்துவிட்டேன். அரூரில் எடைக்கு வாங்கிய 12 மி.மீ. நீல நைலான் கயிறு 40 மீட்டர். லாரி பெல்ட்டை வெட்டி, பை தைக்கும் கடையில் தைத்த இடுப்பு பெல்ட். வெல்டிங் பட்டறையில் 10 மி.மீ. கம்பியை வளைத்துச் செய்த எஸ் கொக்கி. கயிற்றைப் பிடித்துக்கொள்ள அதே கயிற்றின் துண்டில் பிரசிக் முடிச்சு. அது சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் வழுக்குகிறது. எல்லாவற்றையும் கிளையில் கட்டி, இரண்டு சிமெண்ட் மூட்டைகளை இரவு முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தேன். எதுவும் ஆகவில்லை. என் எடை 70 கிலோ. நம்பி ஏறலாமா? அம்மா வேண்டாம் என்கிறார். அப்பா, தாத்தா கயிறே இல்லாமல் ஏறினார் என்கிறார்.

பதில்:

தம்பி, இப்போது உங்களிடம் இருப்பதை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். ஏறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் செய்ததில் பாதி நல்ல யோசனைதான். எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல். பதினேழு வருடமாகக் கயிற்றில் தொங்கிச் சம்பாதிக்கிறேன். ஓசூர் தொழிற்சாலைப் புகைபோக்கிகளில் தொடங்கி, இப்போது பெரும்பாலும் வீடுகளுக்கு மேல் சாய்ந்த மரங்களில் வேலை. கையால் செய்த கருவி எதையுமே தொடாதே என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான் இல்லை. என்னுடைய மூட்டையிலும் நானே செய்தவை நாலைந்து இருக்கின்றன.

முதலில் அந்தச் சிமெண்ட் மூட்டைகள். இரண்டு மூட்டை 100 கிலோ, நீங்கள் 70 கிலோ, 30 கிலோ மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். மூட்டை கால் தவறுவதில்லை. ஆடுவதில்லை. எறும்பு கடித்ததும் உதறுவதில்லை. கயிற்றில் ஒரு மீட்டர் தளர்வு இருக்கும்போது உங்கள் கால் வழுக்குகிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் விழுந்த பிறகு கயிறு விறைக்கிறது. அது 10 சென்டிமீட்டர் மட்டுமே நீண்டு உங்களை நிறுத்துகிறது என்றால், அந்த 10 சென்டிமீட்டருக்குள் சராசரியாக உங்கள் எடையைப்போல் 11 மடங்கு இழுத்தாக வேண்டும். 770 கிலோ. உச்சத்தில் அதற்கும் மேல். அதே கயிறு அரை மீட்டர் நீண்டு கொடுத்தால் மூன்று மடங்கோடு போய்விடும், 210 கிலோதான். உயரப் பணிக்கான தரங்கள், விழுகிற ஆளின் உடல்மீது வரும் இழுப்பு 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஏறக்குறைய 600 கிலோ. அதாவது, கயிறு அறுந்தாலும் ஆபத்து. விறைப்பான கயிறு அறாமல் நின்றாலும் இடுப்பு போய்விடும்.

தொங்குவதைத் தாங்குவது வேறு, விழுவதைப் பிடிப்பது வேறு. உங்கள் சோதனை முதலாவதை மட்டும்தான் சொன்னது, அதுவும் அந்த ஒரு இரவுக்கு. இதனால்தான் மரமேறும் கயிற்று வேலையில் எங்களுக்கு முதல் விதி, கயிறு எப்போதும் தலைக்கு மேலிருந்து வர வேண்டும், தளர்வே இருக்கக் கூடாது. ஒவ்வொரு முழம் ஏறும்போதும் தளர்வை இழுத்துவிட்டு அப்புறம்தான் அடுத்த கால். கயிறு கட்டிய இடத்துக்கு மேலே நீங்கள் ஏறினால் அந்தக் கயிறு உங்களுக்கு இருந்தும் இல்லாததுதான்.

எஸ் கொக்கியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வாய் திறந்த கொக்கி எதுவும் ஆளைத் தாங்கும் வேலைக்கு ஆகாது. பாரம் ஏறினால் விரியும், பாரம் இறங்கினால் கழன்றுகொள்ளும். நீங்கள் ஒரு கிளையில் கால் ஊன்றி ஒரு நொடி கயிறு தொய்ந்தால் போதும். வாயை வெல்டிங் வைத்து மூடிவிட்டால் சரியாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெல்டிங் உள்ளே பிடித்திருக்கிறதா, மேலே பூசியது மட்டும்தானா என்று பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதைத் தொழுவத்தில் வாளி மாட்ட வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும் காரபினர், அதாவது வாய் மூடிக்கொள்ளும் உலோக வளையக் கொக்கி, வாங்குங்கள். உடம்பில் 22 கிலோநியூட்டன் அல்லது அதற்கு மேல் என்று பொறித்திருக்க வேண்டும். அதே காரபினர் வாய் திறந்த நிலையில் தாங்குவது பெரும்பாலும் 7 அல்லது 8 கிலோநியூட்டன்தான், அதுவும் அதிலேயே பொறித்திருக்கும். அதனால்தான் பூட்டு முக்கியம். சாவிக்கொத்து மாட்ட விற்கும் வண்ண வண்ணக் கொக்கிகள் பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். காரபினர் கிடைக்காத ஊரில் எனக்குக் கைகொடுத்தது ஷாக்கிள், குறுக்கே ஆணி திருகி மூடும் லாட வடிவ இரும்பு வளையம். கிரேன், லாரி சாமான் கடையில் கேளுங்கள், பாரத்தின் அளவு பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஆணி திருகிக்கொண்டு வராமல் கம்பியால் கட்டிவிட வேண்டும். கனம்தான், ஆனால் அதில் ஏமாற்று கிடையாது.

பெல்ட்டுக்கு வருவோம். லாரி பெல்ட் பட்டையின் பலத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, புதிதாக இருந்தால். உங்களுடையது வெயிலில் எத்தனை வருடம் கிடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என் சந்தேகம் தையலில். பை தைக்கிற கடையில் அவர்கள் பை தாங்குகிற அளவுக்குத் தைப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் தொழில். நூல் பருத்தியா பாலியெஸ்டரா, ஓர் அங்குலத்தில் எத்தனை தையல், ஊசி பட்டையின் இழையை எவ்வளவு வெட்டியது, இவை எதுவும் தைத்து முடித்த பெல்ட்டைப் பார்த்தால் தெரியாது. அப்புறம், இடுப்பில் மட்டும் சுற்றிய பெல்ட்டில் விழுந்தால் இழுப்பு முழுக்க வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தலைகீழாகக் கவிழவும் கவிழும். தொடைக்கு இரண்டு பட்டை, தோளுக்கு இரண்டு பட்டை உள்ள முழு ஹார்னஸ் வேண்டும்.

நீங்கள் ஓசூரில் வேலை பார்த்தவர், பாதுகாப்புச் சாமான் கடைகள் தெரிந்திருக்கும். ஐ.எஸ். 3521 (இந்தியத் தரம்) அல்லது இ.என். 361 (ஐரோப்பியத் தரம்) என்ற எண், தயாரித்த மாதம், வருடம், தொகுதி எண் எல்லாம் உள்ள லேபிள் தைத்திருக்க வேண்டும். கட்டட வேலைக்கு விற்கும் மலிவான ஹார்னஸில் வளையம் முதுகில் மட்டும் இருக்கும். அது விழும்போது பிடிப்பதற்கு. அதில் தொங்கியபடி வேலை செய்ய முடியாது, கை பின்னால் எட்டாது. தொப்புள் பக்கம் ஒரு வளையம், இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு வளையம் உள்ளதைக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும்.

லேபிள் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். ஆரம்ப காலத்தில் பாதி விலை என்று நான் வாங்கிய ஒரு ஹார்னஸில் லேபிள் அச்சு அசலாக இருந்தது. தொடைப் பட்டையின் தையல் நூலை நகத்தால் நெம்பினேன், வரிசையாகப் பிரிந்துகொண்டே வந்தது. பணம் போனது போனதுதான்.

இப்போது கயிறு. இதில்தான் உங்களுக்கு அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் நைலான் கயிறு என்று எடைக்குப் போடும் நீலம், மஞ்சள், பச்சைக் கயிறுகளில் பெரும்பாலானவை நைலானே அல்ல. பாலிப்ரொப்பிலீன், இல்லாவிட்டால் பாலிஎதிலீன். வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சாண் துண்டு வெட்டி, புரியைப் பிரித்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து மிதந்தால் அது இந்த இரண்டில் ஒன்று. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும்.

மிதந்தால் என்ன கேடு? புதிதாக இருக்கும்போது 12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு நன்றாகவே தாங்கும், நல்ல சரக்காக இருந்தால் இரண்டு டன் வரைகூட. கேடு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வெயில். பங்குனி வெயிலில் மோட்டார் கொட்டகைக்கு வெளியே ஒரு பருவம் கிடந்த கயிற்றைக் கையில் உருவினால் தூள் தூளாக ஒட்டுமே, பார்த்திருப்பீர்கள். அந்தத் தூள் கயிற்றின் பலம்தான். இரண்டாவது சூடு. பாலிஎதிலீன் 130 டிகிரி வாக்கிலேயே உருகும், பாலிப்ரொப்பிலீன் 165 வாக்கில். நைலானுக்கு 220 வேண்டும், பாலியெஸ்டருக்கு 250. முடிச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சறுக்கி இறங்கும்போது கயிறும் கயிறும் உரசும் இடத்தில் என்ன சூடு வரும் என்பதை உங்கள் உள்ளங்கை சொல்லும். நைலானே அங்கே பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் வாங்குங்கள். உள்ளே கருவும் வெளியே பின்னிய உறையும் உள்ள, அதிகம் நீளாத வகை (தளர்வே விடாமல் ஏறுவதால் இது போதும்), 11 அல்லது 12 மி.மீ. லேபிளில் இ.என். 1891, ஏ வகை என்று இருக்கட்டும். அந்த வகை குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்கியாக வேண்டும், ஏறக்குறைய 2,200 கிலோ. 70 கிலோ ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பலம் இழக்கும், சாதாரண ஒற்றை முடிச்சு என்றால் பாதி வரைகூட. நைலான் நனைந்தால் இன்னொரு பத்துப் பதினைந்து சதவீதம் போகும். பட்டையில் உரசுவது, மண் ஏறுவது, பழசாவது எல்லாம் சேரும். இதற்காகத்தான் கயிற்றுக்கு ஆள் எடையைப்போல் 10 மடங்காவது இருக்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் கணக்கு.

ஒரு விஷயம், என் வெட்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு முறை என் நல்ல நைலான் கயிற்றை ஒரு வாடகை வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் பழைய பேட்டரி. மறுநாள் கயிற்றை உருவிப் பார்த்த கூட்டாளி, ஓர் அடி நீளம் மட்டும் விறைப்பாக இருக்கிறது என்றார். நிறம் மாறவில்லை, இழை பிரியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் ஏறியிருப்பேன். அவர் பிடிவாதமாக அதை ஒரு வேப்ப மரத்தில் கட்டி இழுக்கச் சொன்னார். இரண்டு பேர் கையால் இழுத்ததில் அறுந்தது. பேட்டரி அமிலம் நைலானைத் தின்றுவிடும். கயிற்றை மோட்டார் கொட்டகையில், உர மூட்டைப் பக்கத்தில், டிராக்டர் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டுக்குள் துணிப்பையில் வையுங்கள். அதை வைத்து மாடு கட்டவும் வண்டி இழுக்கவும் யார் கேட்டாலும் தராதீர்கள், மாமாவே கேட்டாலும். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் முழுக் கயிற்றையும் விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். விறைப்பு, கொழகொழப்பு, சட்டென்று மெலிந்த இடம், உறைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளை இழை, எது தட்டினாலும் அந்தக் கயிறு அன்றோடு சரி.

பிரசிக் முடிச்சு சில நேரம் வழுக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிடிக்கும் கயிறு, ஏறும் கயிற்றைவிட மெலிதாக இருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் கார்ல் பிரசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு இது. 12 மி.மீ. கயிற்றுக்கு 8 மி.மீ. போட்டால் மெலிந்த கயிறு சுற்றிக் கடிக்கும். நீங்கள் 12க்கு 12 போட்டிருக்கிறீர்கள், அதிலும் வழவழப்பான சரக்கு. சில நேரம் பிடித்ததே ஆச்சரியம். ஒரே தடிமனில்தான் செய்வேன் என்றால் அதற்கு வேறு முடிச்சு இருக்கிறது, பிளேக் முடிச்சு. கயிற்றின் மிச்ச நுனியையே நாலு சுற்று மேல்நோக்கிச் சுற்றி, நுனியைக் கீழே இறக்கி, உங்களிடமிருந்து வரும் பகுதிக்கு முன்னால் கொண்டுவந்து, ஏறும் கயிற்றின் பின்னால் சுற்றி, கீழ் இரண்டு சுற்றுக்கு அடியில் நுழைத்து எடுப்பது. வெளிநாட்டு மரத் தொழிலாளிகளிடம் 1994க்குப் பிறகு பரவியது. தனியாக ஒரு பொருளும் வாங்க வேண்டாம் என்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் இறங்கும்போது சீக்கிரம் சூடாகும், மெதுவாக இறங்க வேண்டும். எதுவானாலும் நுனியில் தடுப்பு முடிச்சு ஒன்று, கயிற்றின் அடிமுனையிலும் ஒன்று. மரத்தின் உயரத்துக்குக் கயிறு போதாமல், முடிச்சு முனையைத் தாண்டி வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. கிளைமேல் போட்டு இரண்டாக வரும் கயிறு என்பதால் கட்டும் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேலேயே நீளம் வேண்டும். 40 மீட்டர் உங்கள் மரத்துக்குப் போதுமா என்று அளந்துகொள்ளுங்கள்.

இப்படி முடிச்சு, சுற்று, கட்டு போன்ற கண்ணுக்குத் தெரிகிற வேலையை நீங்களே செய்யலாம். பார்த்தால் சரியா தப்பா என்று தெரியும், தப்பானால் அவிழ்த்துத் திரும்பப் போடலாம். இரும்பின் உள்ளே, தையலின் உள்ளே, கயிற்றின் கருவுக்குள்ளே இருப்பதைப் பார்க்க உங்களிடம் வழி இல்லை. அதைச் சோதித்தவரிடம் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். என் மூட்டையில் எது கடையில் வாங்கியது, எது கையால் செய்தது என்பதைப் பிரிக்கும் கோடு இது ஒன்றுதான்.

கருவி எல்லாம் சரியாகி, கிளை முறிந்தால்? புளியைப் பொறுத்தவரை நீங்கள் அதிர்ஷ்டசாலி, முருங்கை மாதிரி மளுக்கென்று போகாது. இருந்தாலும் காய்ந்த கிளை, பொந்து விழுந்த கிளை, பட்டை உள்ளே மடிந்து ஒட்டிய கவை ஆகியவற்றில் கயிறு போடாதீர்கள். பச்சைக் கிளையாக, கயிறு உட்காரும் இடத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனில், தண்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும். கயிறு போட்டதும் தரையில் நின்றபடி இரண்டு பேர் சேர்ந்து தொங்கி, குலுக்கிப் பாருங்கள். ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. கயிற்றின் இரண்டு முனையும் உங்கள் இடுப்பில் இருந்தால் கிளைமேல் உங்கள் எடை மட்டும். ஒரு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டு மறுமுனையில் நீங்கள் ஏறினால், கிளைமேல் உங்கள் எடை இரண்டு மடங்கு.

பழக்கப்பட்டவர்கள் கிளை நுனிவரை நடந்து காலால் உலுக்குவார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். மேலே நடுவில் கட்டிய கயிறோடு நுனிக்குப் போய் வழுக்கினால் கீழே விழமாட்டீர்கள், ஊஞ்சலாகத் திரும்பிவந்து தண்டில் மோதுவீர்கள். தலைக்கவசம் இதற்கும் சேர்த்துத்தான். பாதி தூரத்தில் நின்று, இடுப்பின் பக்க வளையங்களிலிருந்து இன்னொரு குட்டைக் கயிற்றைக் கிளையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, நீளக் கழியால் அடியுங்கள். அரிவாளை மேலே கொண்டுபோகவே வேண்டாம். விறைத்த கயிற்றில் அரிவாள் சும்மா பட்டாலே போதும், வெட்டக்கூட வேண்டாம்.

அப்பா சொன்ன தாத்தா கதையை நான் மறுக்கவில்லை. அந்தத் தலைமுறை சிறுவயதிலிருந்து ஏறியது, ஒவ்வொரு மரமும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் ஊர்ப் பெரியவரும் அந்தத் தலைமுறைதானே. தென்னைக்கு விற்கிறார்களே, மிதித்து ஏறும் கருவி, அதைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். கிளை இல்லாத தண்டுக்குத்தான் அது, புளிக்கு உதவாது.

அம்மா வேண்டாம் என்பதற்குப் பதில் கருவியில் இல்லை, கீழே நிற்கும் ஆளிடம் இருக்கிறது. தனியாக ஒருநாளும் ஏறாதீர்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தங்கிவிடலாம். சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். மயங்கியவரை 108 வந்து இறக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. கீழே இருப்பவருக்கு உங்களை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும், தைமாதத்துக்குள் இரண்டு மூன்று முறை செய்தும் பார்த்திருக்க வேண்டும். ஆள் உயரக் கிளை ஒன்றில், ஒரு வாரம், ஏறுவதும் இறங்குவதும் இறக்கப்படுவதும் மட்டும். நீங்கள் அதை விளையாட்டு என்று நினைத்தால் நான் வருத்தப்படுவேன். இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆள் ஒருவரோடு ஒரு நாளாவது செலவிடுங்கள், வீடியோ போதாது.

மரத்தின் மேலோ பக்கத்திலோ மின்கம்பி போகிறதென்றால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தாமல் அந்த மரத்தில் கயிற்றை வீசவே வேண்டாம். கதண்டு கூடு கட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள். தரையில் இருப்பவன் ஓடலாம், கயிற்றில் இருப்பவன் எங்கே ஓடுவான்? தீயணைப்பு நிலையத்தில் சொன்னால் வந்து எடுப்பார்கள்.

பை தைக்கும் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள், அவருக்கு என்னிடம் வேலை இருக்கிறது. கயிறு போட்டுவைக்க அகலமான வாயுள்ள பை ஒன்று தைக்கச் சொல்லுங்கள். அப்புறம், கால் கிலோவிலிருந்து 400 கிராம் வரை மணல் கொள்ளும் சின்னப் பை, எலுமிச்சை வடிவில், இரட்டைத் தையல், ஒரு காது. அதில் மெல்லிய கயிறு கட்டி வீசித்தான் மேல் கிளைக்கு வழி போட வேண்டும். நான் வைத்திருப்பது பழைய ஜீன்ஸ் துணியில் தைத்தது, ஏழு வருடமாக உழைக்கிறது. கிளையில் கயிறு உரசும் இடத்துக்குப் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு கிடைத்தால் கயிற்றை அதற்குள் நுழைத்துப் போடுங்கள், பட்டையும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். அந்த லாரி பெல்ட்டைக் கால் வைத்து ஏறும் வளையமாக வெட்டிக்கொள்ளுங்கள். அது பிய்ந்தால் கால்தான் நழுவும், நீங்கள் ஹார்னஸில் இருப்பீர்கள்.